சேற்றில் கால் வைக்கும் முன்: கடலூர்க் கரையில் கடல் உயிரியல் ஆய்வு தொடங்குபவர்களுக்கு

எம்.எஸ்சி. முடித்த கையோடு "கடல்ல ஏதாவது பண்ணணும் அண்ணா" என்று வருகிற தம்பி தங்கைகள் வருடத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். நான் வெள்ளாற்று முகத்துவாரச் சேற்றைச் சலித்துப் புழுக்களை எண்ணி முனைவர் பட்டம் வாங்கியவன். எனக்குத் தெரிந்த கடல் புதுச்சேரி தொடங்கிக் கொள்ளிடம் வரைக்குமான கரையும் அதன் கழிமுகங்களும்தான், அதனால் அதை வைத்தே எழுதுகிறேன். ஆழ்கடல், பவளப்பாறை, திமிங்கலம் என்று கனவு காண்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். இங்கே பெரும்பாலும் சேறு, மணல், மீன் ஏலக்கூடம்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

"கடலூர் கடற்கரையின் பல்லுயிர் வளமும் மாசுபாடும்" என்று தலைப்பு கொண்டுவருவார்கள். இது கேள்வியே இல்லை, ஊர் பெயர்ப்பலகை. என்ன எண்ணப் போகிறீர்கள், எங்கே, எத்தனை முறை, எண்ணி என்ன கண்டுபிடிக்க ஆசை, இந்த நான்கையும் இரண்டு வரியில் சொல்ல முடிந்தால்தான் அது கேள்வி.

ஒரு உதாரணம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் விடியற்காலை போனால் மணலில் விரல் நுழைகிற அளவு வளைகள் தெரியும், பேய்நண்டின் வளைகள். ஆள் நடமாட்டம் அதிகமான இடத்தில் இந்த வளைகள் குறைகின்றனவா? இதுதான் கேள்வி. தேவை ஒரு மீட்டர் சதுரச் சட்டம் (பி.வி.சி. குழாயில் நீங்களே செய்யலாம்), வளை வாயை அளக்க ஒரு வெர்னியர், ஒரு நோட்டு. வளை வாயின் அகலத்தை வைத்து நண்டின் அளவைத் தோராயமாகச் சொல்லலாம். பெரிய நண்டுகள் பொதுவாகக் கரையின் மேற்புறத்திலும் சின்னவை தண்ணீருக்கு அருகிலும் இருக்கும் என்பதால் ஒரே இடத்தில் உட்கார்ந்து எண்ணாமல் தண்ணீர் ஓரத்திலிருந்து மேலே வரை ஒரு நேர்க்கோட்டில் சட்டத்தை வைத்துக்கொண்டே போக வேண்டும். வெயில் ஏறினால் நண்டு வளையின் வாயை மணலால் அடைத்துக்கொள்ளும், காலடிகளும் மிதித்துவிடும், ஆகவே ஆட்கள் வருவதற்கு முன்பே முடிக்க வேண்டும். மாசிமகத்துக்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும் எண்ணினால் கூட்டத்தின் தாக்கம் தெரியும். ஆனால் அதே இரண்டு வாரங்களில் கூட்டமே வராத ஒரு மீனவக் கிராமத்துக் கரையிலும் எண்ணியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறைந்ததற்குக் காரணம் கூட்டமா, பௌர்ணமி அலையா என்று யாரும் சொல்ல முடியாது. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு இது தாராளம். நாலைந்து கரைகள், இரண்டு மூன்று வருடம் என்று விரித்தால் முனைவர் பட்டத்துக்கே ஒரு அத்தியாயம் ஆகும்.

புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1989இல் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு, வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. வடக்கே வைத்திக்குப்பம், சோலை நகர், அதையும் தாண்டித் தமிழ்நாட்டுப் பகுதியான பொம்மையார்பாளையம் வரை கரை அரித்தது. மணலில் வாழும் உயிரினங்களை இந்தச் சுவருக்கு இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். டவுன் பஸ்ஸில் போய்விட்டு வரலாம் என்பது சாதாரண விஷயமில்லை. படகு வாடகைக்கு ஆய்வு வழிகாட்டியின் கையெழுத்துக்காகக் காத்திருந்து மாதம் தப்பிப்போன ஆய்வுகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் காசில், உங்கள் காலில், மாதம் தவறாமல் போய் வர முடிகிற இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த காரணத்தை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் மொட்டையாகக் கிடந்த திட்டுகளுக்குச் சுற்றுக் கிராமத்து ஆட்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதும்தான் காரணம் என்று நெடுநாள் பேச்சு. அளந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. முற்காலத்தில் கூப்பு முறையில், அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மொத்தமாக வெட்டிய இடங்களில் வெயில் பட்டு மண் காய்ந்து, தாழ்ந்து, தொட்டி போல ஆகிவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியே போகாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு மட்டும் மிஞ்சியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள் வடிவில் கால்வாய் வெட்டித் தண்ணீர் போய்வர வழிசெய்த பிறகுதான் அங்கே நட்ட கன்று பிழைத்தது. யாரோ ஒருவர் மண்ணின் மட்டத்தையும் உப்பையும் அளந்ததால் வந்த முடிவு இது.

காலண்டரை முன்கூட்டியே போடுங்கள்

நம் கரையின் ஆய்வுக் கட்டுரைகளில் வருடத்தை நான்காகப் பிரிப்பது வழக்கம்: ஜனவரி முதல் மார்ச் வரை மழைக்குப் பிந்தையது, ஏப்ரல் முதல் ஜூன் கோடை, ஜூலை முதல் செப்டம்பர் மழைக்கு முந்தையது, அக்டோபர் முதல் டிசம்பர் மழைக்காலம். ஊரெல்லாம் ஜூனில் மழைக்காலம் என்று எழுதும், நமக்கு வடகிழக்குப் பருவம்தான் கணக்கு. கோடையில் கடலுக்குச் சமமாக 30க்கு மேல் (ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை கிராம் என்ற கணக்கு) நிற்கிற வெள்ளாற்று முகத்துவாரத்து உப்பு, வெள்ளம் வந்த வாரத்தில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். சேற்றுப் பூச்சிகளில் பாதி காணாமல் போய்ப் பிறகு மெல்லத் திரும்பி வரும். அதனால் மழைக்கால மாதிரி இல்லாத கழிமுக ஆய்வு பாதிக் கதைதான். ஆனால் அந்த மாதங்களில்தான் புயலும் வரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாற்றுத் தேதியை இப்போதே குறித்துவையுங்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை எச்சரிக்கையை முந்தின இரவே பாருங்கள். அதைவிட முக்கியம், படகுக்காரர் "இன்னிக்கு வேணாம் தம்பி" என்றால் வாதாடாதீர்கள்.

ஏற்றவற்றக் கணக்கும் வேண்டும். நம் கரையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும் தட்டையான சேற்றுத் திட்டில் அந்தக் கொஞ்சமே போதும், போன மாதம் நின்ற இடம் இந்த மாதம் இடுப்பளவு தண்ணீராக இருக்கும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வற்றம் அதிகம். ஆண்டு முழுக்க ஒரே மாதிரி வற்ற நேரத்தில் எடுப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். ஏற்றவற்ற அட்டவணையில் இருக்கும் நேரம் கடல் ஓரத்துக்கு, உள்ளே ஓடைகளுக்குப் போகப் போகத் தாமதமாகும், எவ்வளவு என்பதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு கம்பை நட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மீன் ஏலக்கூடத்தை நம்பி ஆய்வு செய்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தை மறக்கக் கூடாது. விசைப்படகு போகாது, ஃபைபர் போட் போகும். ஆக அந்த இரண்டு மாதமும் நீங்கள் பார்க்கிற மீன் வேறு வலையின் மீன், வேறு ஆழத்தின் மீன். "கோடையில் இனங்கள் குறைந்தன" என்று எழுதிவிட்டுப் பிறகு தேர்வாளரிடம் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. குறைந்தது மீனில்லை, படகு.

அனுமதி

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் சுவாரசியம் இல்லாதது, ஆனால் விட்டால் ஆய்வே நின்றுவிடும். பிச்சாவரம் காப்புக்காடு, 2022 முதல் ராம்சார் தலமும்கூட (சர்வதேச ஈரநில உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள இடம்). சுற்றுலாப் படகில் போய் ஒரு இலையைப் பறிப்பது ஆய்வு ஆகாது, குற்றம் ஆகும். வழிகாட்டி மூலம், நிறுவனத்தின் கடிதத்தோடு, வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு முதல் வாரமே விண்ணப்பியுங்கள். கடல் குதிரை, கடல் அட்டை, பவளம், கடலாமை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. ஏலக்கூடத்தில் கலசல் (விலை போகாத கலப்பு மீன்) குவியலில் செத்துக் கிடக்கிற கடல் குதிரையைக்கூட "அழகா இருக்கே" என்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நினைத்தால் பல்லுயிர்ச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும், கூரியரில் போட்டுவிட்டுப் பிறகு யோசிக்கிற விஷயமில்லை அது.

ஏலக்கூடத்தில் எப்படி நடந்துகொள்வது

கடலூர் முதுநகரோ, அன்னங்கோயிலோ, முடசலோடையோ, புதுச்சேரியில் தேங்காய்த்திட்டோ, எங்கே போனாலும் முதல் இரண்டு மூன்று நாள் நோட்டை எடுக்காதீர்கள். டீ குடியுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்து யார், எந்தக் கல்லூரி, எதற்கு என்று சொல்லுங்கள். சொல்லாமல் படம் எடுக்கிற ஆளை அதிகாரி என்றோ பத்திரிகைக்காரர் என்றோதான் நினைப்பார்கள், அதிலும் சுருக்குமடி வலையை விடலாமா கூடாதா என்ற தகராறு சூடாக இருக்கிற நாளில் வலையைப் படம் எடுத்தால் உங்கள் ஆய்வு அன்றோடு முடிந்தது. அந்தச் சண்டையில் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம், ஏலக்கூடத்தில் அதைச் சொல்ல வேண்டாம்.

ஏலம் முடிகிற வரை மீனைத் தொடக் கூடாது. விலை போகிற பொருளை நீங்கள் கையில் எடுத்து அளந்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஒரு கூறு காசு கொடுத்து வாங்கி ஓரமாக உட்கார்ந்து அளங்கள். மீன் விற்கிற அக்காக்களிடம் உட்கார்ந்தால் எது எந்த ஆழத்து மீன், எது போன வருடம் வராமல் இந்த வருடம் வந்தது என்று கேட்காமலே சொல்வார்கள். அவர்கள் சொல்கிற பெயரை அப்படியே எழுதுங்கள்: காரல், கவளை, கிழங்கான், மடவை. ஒரு பெயருக்குக் கீழே மூன்று நான்கு இனங்கள் இருக்கும் (காரலில் இன்னும் அதிகம்), ஒரே இனத்துக்கு ஊருக்கு ஊர் வேறு பெயரும் இருக்கும்.

கிள்ளைப் பக்கம் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடிப்பார்கள், பிடித்ததைப் போட ஒரு சின்னப் பறியை வாயில் கவ்வியிருப்பார்கள். நான் மாதிரி எடுக்கத் திட்டை அளந்துகொண்டிருந்தபோது ஒரு அம்மா நிமிர்ந்து, பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அங்க ஒண்ணும் இருக்காது தம்பி, அது கறுப்புச் சேறு, நாத்தம் புடிச்சது, இப்படி வா" என்றார். நான் ஆக்சிஜன் அளக்கிற சாமான்களோடு நின்றுகொண்டிருந்தேன். அளந்தேன், அவர் சொன்னது சரி. ஆனாலும் அந்தக் கறுப்புச் சேற்றிலும் மாதிரி எடுத்தேன், எடுக்கத்தான் வேண்டும். ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றும் இல்லை என்பதும் தரவுதான். அவருக்கு என்மேல் கடைசிவரை பரிதாபம் போகவில்லை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பல மீன் இறங்குதளங்களில் பயன்படுத்துகிற நிலையில் கழிப்பறை இருக்காது. அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் எட்டு மணி நேரம் நின்று மயங்கி விழுந்த தோழி எனக்கு உண்டு. முதல் வாரமே கிராமத்தில் ஒரு வீட்டைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், தயங்காமல் கேளுங்கள், யாரும் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பையில் என்ன, காலில் என்ன

ரப்பர் பூட்ஸ் வேண்டாம். சேறு பிடித்து இழுக்கும், கால் வெளியே வரும், பூட்ஸ் உள்ளேயே நிற்கும். கயிற்றை இறுக்கிக் கட்டிய பழைய கேன்வாஸ் ஷூதான் சரி. வெறுங்காலோடு போகவே கூடாது, ஆளி ஓடு பிளேடு மாதிரி கிழிக்கும். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு தொடங்குங்கள். தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடங்கள், திருக்கை இருந்தால் விலகிப் போகும். காட்டுக்குள் தில்லை மரத்தின் பாலில் கவனம், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே தில்லைதான்.

சேற்று உயிரிகளுக்கு: மண் அள்ளும் கிராப், 0.5 மில்லிமீட்டர் சல்லடை, வாளி, ஜிப் பை. ஒரு நிலையத்தில் (மாதிரி எடுக்கும் இடத்தில்) குறைந்தது மூன்று அள்ளல், மூன்றும் தனித்தனிப் பையில். மூன்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டால் மூன்று முறை அள்ளியதற்கு அர்த்தமே இல்லை. கடையில் வாங்குகிற ஃபார்மலினில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு கடல்நீர், கூடவே ரோஸ் பெங்கால் சாயம் ஒரு சிட்டிகை. உயிரோடு எடுத்தவை ரோஜா நிறமாகத் தெரியும், சேற்றிலிருந்து பொறுக்க எளிது. ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, கையுறை இல்லாமல், மூடிய அறையில் தொடாதீர்கள். டி.என்.ஏ. பார்க்கிற எண்ணம் இருந்தால் ஃபார்மலினே கூடாது, 95 சதவீத எத்தனாலில் நேரடியாகப் போடுங்கள்.

உப்புமானியை ஒவ்வொரு நாளும் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனுக்கு வின்க்ளர் முறையென்றால் பாட்டிலில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் அந்த இடத்திலேயே சேர்க்க வேண்டும், லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்பது வேலைக்கு ஆகாது. பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அந்த அம்மா சொன்ன சேறு.

இப்போது லேபிள். என் முதல் வருடத்தில் நான்கு மாத மாதிரிகள் போனது புயலில் இல்லை, பேனாவில். கடையில் "அழியாத மார்க்கர்" என்று கொடுத்ததால் பாட்டிலின் வெளியே எழுதிவைத்தேன். எத்தனால் ஒரு துளி வழிந்தால் போதும், எழுத்து நீலக் கோடாக ஓடிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்தபோது முப்பதுக்கு மேற்பட்ட பாட்டில்கள், உள்ளே அழகாகப் பாதுகாக்கப்பட்ட புழுக்கள், எது எந்த நிலையம், எந்த மாதம் என்று தெரியாது. மோந்து பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முயன்றேன். வழிகாட்டி திட்டக்கூட இல்லை, ஒரு பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். தடித்த காகிதத்தில் பென்சிலால் எழுதிய துண்டு பாட்டிலுக்கு உள்ளே இருக்க வேண்டும். நிலையம், தேதி, நேரம், எத்தனையாவது அள்ளல், எடுத்தவர் பெயர். அதே விவரம் நோட்டிலும். அன்று இரவே நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், நோட்டுகள் கடலில் விழும்.

லேபும் கணக்கும்

சலித்ததைப் பொறுக்கி இனம் பிரிப்பதற்கு, சேற்றில் நின்ற நேரத்தைப் போலப் பல மடங்கு ஆகும். ஒரு நாள் எடுத்தது இரண்டு வாரம் தின்னும். இந்தக் கணக்கு தெரியாமல் இருபது நிலையம் வைத்துவிட்டு மூன்றாம் வருடத்தில் பிரிக்காத பாட்டில்களோடு நிற்பவர்களே அதிகம். ஆறு நிலையம் போதும். பெயர் தெரியாததற்குப் பொய்ப் பெயர் வைக்காமல் "இனம் அ", "இனம் ஆ" என்று குறித்து, ஒன்றிரண்டைத் தனியாக எடுத்துவைத்து, தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தில் சேகரிப்புகளை நேரில் பார்த்து ஒப்பிடலாம். பழைய புத்தகங்களில் உள்ள அறிவியல் பெயர்கள் பல மாறிவிட்டன, எழுதுவதற்கு முன் கடல் உயிரினப் பெயர்களின் பதிவேடான வோர்ம்ஸ் இணையதளத்தில் ஒவ்வொரு பெயரையும் சரிபாருங்கள்.

புள்ளியியலை கடைசி வருடத்துக்குத் தள்ளாதீர்கள். ஒரே கரையில் பத்துச் சட்டம் வைத்தால் அது பத்துக் கரை ஆகாது. மனிதக் கூட்டத்தின் தாக்கம் என்று சொல்ல வேண்டுமென்றால் கூட்டமுள்ள கரைகள் சில, இல்லாத கரைகள் சில வேண்டும். இதைச் சேற்றில் இறங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும், பிறகு எந்த மென்பொருளும் காப்பாற்றாது. ஆர் மென்பொருள் இலவசம், முதல் வருடப் பாடக்காலத்திலேயே பழகிவிடுங்கள், பழகப் போலித் தரவு போதும்.

பணம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023இலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய். உயிர் அறிவியல் தாளிலும் எழுதலாம், புவி மற்றும் கடல் அறிவியல் தாளிலும் எழுதலாம், உங்கள் இளங்கலைப் பாடம் எதுவோ அதைப் பாருங்கள். தொகை மாதாமாதம் வரும் என்று நினைக்காதீர்கள், மொத்தமாக ஏழெட்டு மாதம் கழித்து வந்ததும் உண்டு, அதுவரை டீக்கடைக் கணக்கு ஓடும். முனைவர் பட்டத்துக்கு யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. கள ஆய்வு செய்பவர் மூன்றில் முடிப்பது அபூர்வம். இரண்டு முழுப் பருவச் சுற்றாவது எடுத்தால்தான் ஒரு வருட மழை விசேஷமானதா, வழக்கமானதா என்று சொல்லவே முடியும்.

முடிவு வந்ததும் தமிழில் ஒரு பக்கம் எழுதி, நீங்கள் போன கிராமத்துப் பஞ்சாயத்தாரிடம் படித்துக் காட்டுங்கள். நான் படித்துக் காட்டியபோது ஒரு பெரியவர், "இதத்தான நாங்க மொத நாளே சொன்னோம்" என்றார். இரண்டாவது பத்தியில் ஒரு தவறையும் திருத்தினார், ஆய்வேட்டில் அது அப்படியே அச்சாகிவிட்டிருந்தது.

பட்டம் வாங்கிய பிறகும் பாட்டில்கள் இருக்கும். மூடி எவ்வளவு இறுக்கினாலும் எத்தனால் ஆவியாகும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அலமாரியைத் திறந்து குறைந்ததை ஊற்றி நிரப்ப யாராவது ஒரு ஜூனியரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.